இறங்கு என்று எந்த மொழியில் கத்துவது

1

போன வாரம் சிவாஜிநகரிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். படிக்கட்டு ஓரம் போனைப் பார்த்தபடி நின்றிருந்த ஒரு கல்லூரிப் பெண் அப்படியே வாசல் பக்கம் சாய்ந்தாள். "ஹிட்கோ!" என்று கத்தினேன். அவள் சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அம்மா, நீ கன்னடத்துல கத்தின."

"அப்படியா?"

"ஆமா. பிடிச்சுக்கோன்னு சொல்லல. ஹிட்கோன்ன."

அவளுக்கு அது சந்தோஷம். பள்ளியில் கன்னடம், வீட்டில் பாதி ஆங்கிலம், என்னோடு மட்டும் தமிழ் என்று வளர்கிற பெண். குடியாத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "உங்க ஊர்ல" என்றுதான் ஆரம்பிப்பாள். அம்மாவும் ஒருவழியாகத் தன் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு பெங்களூர் வந்துவிடலாம். "அதென்ன துபாயா?" என்று என் தம்பி இன்னும் கேலி செய்கிறான். துபாய் இல்லைதான். ஆனாலும், யோசிக்க நேரமில்லாமல் வாயிலிருந்து வருகிற சொல் எந்த மொழியில் வருகிறது என்பது எனக்கு ஒரு வருஷமாகவே சாதாரண விஷயமாக இல்லை. பெருமாள் மேஸ்திரி இறந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம்.

2

கல்யாணமாகி வந்ததிலிருந்து லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். நான் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில், டைம் ஆபீஸில் இருக்கிறேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட். காலையில் வேலைக்கு வருகிறவர்களின் பெயரைப் பதிந்து உள்ளே அனுப்புவது என் வேலை. தமிழ், கன்னடம், கொஞ்சம் ஹிந்தி தெரியும் என்பதால் வேலைக்காரர்களோடு பேச வேண்டியதெல்லாம் மெல்ல மெல்ல என் தலையில் வந்து விழுந்தது.

பெருமாள் மேஸ்திரியும் அவர் மனைவி சந்திராவும் அரூர் பக்கம். ஈஜிபுராவில் வாடகை வீடு. அவர் பூச்சு வேலை செய்வார், அவள் அவருக்குச் சித்தாள். காலையில் இரண்டு பேரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்வார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அவள் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். பூச்சு முடிந்த சுவரைத் தள்ளி நின்று பார்த்து, "எங்க வீட்டுக்காரரு மூஞ்சிய விட இது வழவழன்னு இருக்குது பாருங்க மேடம்" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

கீழே மணல் சலித்து, கலவை போட்டுக் கயிற்றில் கட்டி அனுப்புகிறவன் சுபல். மால்டா பக்கத்துப் பையன். பையன் என்றால் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன்தான், முகம் அப்படி. அவனுடைய ஹிந்தியே பாதி வங்காளம். தமிழில் அவனுக்குத் தெரிந்தது சாப்பாட்டு வார்த்தைகள் மட்டும். சந்திராதான் கற்றுக்கொடுத்தாள். அவளையும் என்னையும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். சாயங்காலம் டீ வரும்போது மேலே இருக்கிறவர்களுக்கு முதலில் ஊற்றுவதா, கீழே இருக்கிறவர்களுக்கா என்று அவர்களுக்குள் தினம் ஒரு விளையாட்டுச் சண்டை நடக்கும். "டீ! நாங்க பஸ்ட்டு!" என்று சுபல் கீழேயிருந்து கத்துவான். சந்திரா மேலேயிருந்து ஏதாவது பதில் கொடுப்பாள். எனக்கு ஷெட்டில் உட்கார்ந்தபடியே கேட்கும்.

3

அன்றைக்கு முந்தின நாள் நல்ல மழை. கட்டடத்தின் பின்பக்கம் வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்காகத் தரையிலிருந்து இரண்டாம் மாடி உயரத்துக்கு இரும்புப் பைப்பில் சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தின் ஓரமாகச் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டி, மண்ணைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். அந்த ஈர மண்ணில் சாரத்தின் கால்கள் வெறுமனே நின்றன. கால் புதையாமல் இருக்க அடியில் பலகை வைக்க வேண்டும். வைக்கவில்லை. சாரத்தைச் சுவரோடு பிடித்துக் கட்டுகிற பைப்புகள் பூச்சுக்கு இடைஞ்சல் என்று காண்ட்ராக்டரின் மேனேஜர் காலையிலேயே கழற்றச் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

டீ வருகிற நேரம். சத்தம் கேட்டது. இரும்புப் பைப் ஒன்றிரண்டு விழுகிற சத்தம் எங்களுக்குப் பழக்கம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். இது நிற்கவே இல்லை. விழுந்துகொண்டே இருந்தது. நான் ஓடிப் பின்பக்கம் போனபோது சாரம் முழுக்கச் சாய்ந்து மதில்மேல் கிடந்தது. சுபல் பலகைகளை இழுத்து எறிந்துகொண்டிருந்தான். ஏதோ ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்குப் புரியவில்லை.

பெருமாள் மேஸ்திரியின் உயிர் அங்கேயே போய்விட்டது. சந்திராவுக்கு நினைவு இருந்தது. மண்மேல் விழுந்திருந்தாள். என் கையைப் பிடித்து, "அவரு எங்க?" என்றாள். "வராரு" என்றேன். வேறென்ன சொல்வது?

4

அரசு ஆஸ்பத்திரியில் அவளை இன்னொரு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். நான் மேஸ்திரி விஷயத்தை போலீசிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போனால், பெண்கள் வார்டில் அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். இரண்டு மாடி ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சந்திரா ஆண்கள் லிஸ்டில்தான் இருக்கிறார்" என்று கன்னடத்தில் சொன்னார். இங்கே சந்திரா என்று ஆண்களுக்கும் பெயர் வைப்பார்கள். அவசரத்தில் யாரோ பெயரை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இடுப்பெலும்பு உடைந்தவள் ஸ்ட்ரெச்சரில் நடைபாதையில் கிடந்தாள், எந்த வார்டு என்று முடிவாகாமல்.

மேஸ்திரியின் பெயருக்கும் அதே கதை. கன்னடத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதில் பெருமாள் 'பெருமாளா' ஆனார். ஊரில் ரேஷன் கார்டில் ஒரு பெயர், இங்கே இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று காட்ட சந்திராவின் தம்பி அரூருக்கும் பெங்களூருக்குமாக எத்தனை நடை நடந்தான்! அங்கே போனால் கர்நாடகாவில் திருத்தி வாங்கி வா என்பார்கள். இங்கே வந்தால் தமிழ்நாட்டில் எழுதி வாங்கி வா என்பார்கள். உடலை மட்டும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள். சந்திராவால் போக முடியவில்லை. தம்பி போனில் காட்டினான். அவள் பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வார்டில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை. நர்ஸ் வந்து "நோவு இதியா?" என்று கேட்பார். "நோவுதும்மா" என்பாள் சந்திரா. அவர் ஊசி போடுவார். அதற்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே வார்த்தை.

5

சுபல் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் பிஸ்கட் பாக்கெட். கட்டில் அருகே வராமல் தூணோரம் நின்றான். நான்தான் கூப்பிட்டேன்.

சந்திரா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மேடம், அன்னிக்கு இவன் கீழருந்து கத்தினான். இன்னான்னு கத்தினான்னு கேளுங்க."

கேட்டேன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நாமோ. நாமோ நாமோ."

"அதான்!" என்றாள் சந்திரா. "நாமோ நாமோன்னான். டீ வந்துடுச்சு, மொதல்ல நாமளான்னு கேக்கறான்னு நெனச்சேன். நீயே குடிப்பா, நாங்க அப்பறம் வரோம்னேன். அவரும் சிரிச்சாரு." என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கு இன்னா அர்த்தம்?"

நான் ஹிந்தியில் கேட்டேன். அவன் வாயால் சொல்லவில்லை. கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சந்திராவுக்கும் புரிந்துவிட்டது. இருந்தாலும் என் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"இறங்குன்னு அர்த்தம் சந்திரா. இறங்கு இறங்குன்னு சொல்லியிருக்கான்."

கலவை அனுப்பும்போது சாரத்தின் கால் மண்ணுக்குள் போவதை அவன் பார்த்திருக்கிறான். பயத்தில் ஹிந்தி வரவில்லை. கற்றுவைத்திருந்த நாலு தமிழ் வார்த்தையும் வரவில்லை. அவன் அம்மா அவனை மரத்திலிருந்து இறங்கச் சொல்லும்போது என்ன சொல்வாளோ அதுதான் வந்தது. மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடி கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை அவன் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னான்.

சந்திரா போர்வையின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அவன்கிட்ட சொல்லுங்க மேடம்" என்றாள். "நாங்க சிரிச்சது அவன கேலி பண்ணி இல்லன்னு. டீ வந்துச்சுன்னு சிரிச்சோம். அவ்வளவுதான்."

சொன்னேன். சுபல் பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

6

அடுத்து தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். அதற்கு முன்னாலேயே மேனேஜர் என் ஷெட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கன்னடக்காரர், என்னோடு எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்தான்.

"ஜெயந்தி மேடம், அந்த பெங்காலி முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருக்கான். எல்லாரும் கேட்டிருக்காங்க. மேல இருந்தவங்கதான் இறங்கல. உண்மைதானே? நீங்க அத மட்டும் அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னா போதும்."

உண்மைதான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எச்சரித்தான். அவர்கள் இறங்கவில்லை. அப்படியே எழுதினால் பெருமாள் மேஸ்திரி தன் தப்பால் செத்தவராகிவிடுவார். சந்திராவுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடும் அதோடு போகும். அதுவும் அந்த வாக்குமூலத்தைக் கொடுக்கப்போவது சுபல்.

விசாரணை அன்று காலையில் வீட்டில் யாழினிக்கு ஜடை பின்னினேன். "என்னம்மா இழுக்கற" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். என் கணவர் மட்டும், "வேலை போனா போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

சைட் ஆபீஸில் அதிகாரி, மேனேஜர், நான், சுபல். அதிகாரி நிதானமான மனிதர். தன் ஹிந்தி சுமார்தான், இவன் பேசுவது பிடிபடவில்லை என்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுபல் சொல்லச் சொல்ல நான் கன்னடத்தில் சொன்னேன். கால் புதைந்ததைப் பார்த்தான். கத்தினான். மேலே இருந்தவர்கள் இறங்கவில்லை.

"எச்சரித்தும் இறங்கவில்லை" என்று அதிகாரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சார்" என்றேன். "அன்னிக்குக் கத்தின மாதிரியே இவரை இங்க ஒரு தடவை கத்தச் சொல்லுங்க."

"எதற்கு?"

"ஒரே ஒரு தடவை சார்."

மேனேஜர், "இதெல்லாம் தேவையா?" என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நான் சுபலிடம் சொன்னேன். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். "சந்திரா தீதிக்காக" என்றேன். அவன் எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

"நாமோ! நாமோ! நாமோ!"

அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. வெளியே மணல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்படியென்றால் என்ன?"

தெரிந்தும் சொல்லாமல் மேனேஜரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதியிருந்த வரியை ஒருமுறை படித்தார். பிறகு அதை அடித்தார்.

"மேலே இருந்தவர்களுக்கு இந்த மொழி தெரியுமா?"

"தெரியாது சார். தமிழ் மட்டும்தான்."

"சாரத்தைச் சுவரோடு கட்டியிருந்த பைப்புகளைக் கழற்றச் சொன்னது யார்?" என்று அடுத்த கேள்வியை அவர் மேனேஜரிடம் கேட்டார்.

7

வழக்கு நடக்கிறது. சந்திராவுக்கு நஷ்டஈட்டில் ஒரு பங்கு கிடைத்தது. மீதி இழுத்துக்கொண்டிருக்கிறது. மேனேஜர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் என்னை டைம் ஆபீஸிலிருந்து சிமெண்ட் ஸ்டோருக்கு மாற்றினார். தூசியில் இருமல் வந்ததுதான் மிச்சம். புதிதாக வந்த சேஃப்டி இன்ஜினியர் மங்களூர்க்காரர். அவர்தான் கேட்டு வாங்கித் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அவர் வந்ததும் எல்லாச் சாரத்தையும் இறக்கிப் புதிதாகக் கட்ட வைத்தார். காலுக்குக் கால் பலகை. சுவரோடு பிடிப்பு. கழற்ற வேண்டுமென்றால் அவரைக் கேட்டுத்தான். பிறகு ஒருநாள் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து, ஆபத்து என்றால் என்ன வார்த்தை சொல்லிக் கத்துவது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

தமிழ்க்காரர்கள் 'இறங்கு' என்றார்கள். ராய்ச்சூர் ஆட்கள் 'இளி' என்றார்கள். கன்னடத்தில் அதற்கு இறங்கு என்று பொருள், நமக்குப் பல்லைக் காட்டுவது. தமிழ்ப் பெண்கள் சிரித்தார்கள். ராய்ச்சூர்க்காரர்களுக்குக் கோபம். பீகார்க்காரர்கள் கீழே என்பதற்கு 'நீச்சே' என்றார்கள். பேச்சு ஒன்றோடொன்று ஏறி, கடைசியில் எந்த ஊர்க்காரன் எந்த ஊருக்குப் பிழைக்க வந்தான் என்பதில் போய் நின்றது. இந்த நகரத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

சுபல் கடைசி வரிசையில் நின்றிருந்தான். நான் அவனைக் கேட்டேன். "வார்த்தை வேண்டாம் தீதி" என்றான். "வார்த்தையே வேண்டாம்."

இன்ஜினியர் ரயில் தண்டவாளத் துண்டுகளை எங்கிருந்தோ வாங்கி வந்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று தொங்கவிட்டார். சாப்பாட்டுக்கு விசில். இறங்குவதற்கு இரும்பு. யார் எதைப் பார்த்தாலும் விடாமல் அடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் இறங்கிவிட வேண்டும். விளையாட்டுக்கு அடிக்கக் கூடாது.

8

இந்த வாரம் சந்திரா வந்தாள். தம்பி ஆட்டோவில் கூட்டி வந்தான். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். தம்பி வீட்டில்தான் இருக்கிறாள், தம்பி மனைவியோடு சேர்ந்து காலையில் இட்லி வியாபாரம். கேட்டில் நானே அவள் பெயரைப் பதிந்தேன்.

பின்பக்கம் போக வேண்டும் என்றாள். மெதுவாகக் கூட்டிப்போனேன். சுவர் முழுக்கப் பூசி வெள்ளையடித்திருந்தது. எதுவரை மேஸ்திரி பூசினார், எங்கிருந்து வேறு ஆள் பூசினான் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தேடினாள். அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, ஓரிடத்தில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது தொங்கிக்கொண்டிருந்த இரும்பைப் பார்த்து அது என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"அடிங்க" என்றாள். "கேக்கணும்."

"சும்மா அடிக்கக் கூடாது சந்திரா. எல்லாரும் இறங்கிடுவாங்க."

"ஒரு தடவ."

இன்ஜினியர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் யார் என்று நான் சொல்லியிருந்தேன். கம்பியை எடுத்து அவரே என்னிடம் நீட்டினார்.

அடித்தேன். விடாமல் அடித்தேன். காது அடைத்துப் போனது. மேலே பூச்சு நின்றது, டிரில் நின்றது, யாருடைய போனிலோ ஓடிய பாட்டும் நின்றது. சாரத்திலிருந்தும் மாடிப் படியிலிருந்தும் ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். ராய்ச்சூர்க்காரர்கள், பீகார்க்காரர்கள், நம் தருமபுரிப் பெண்கள், கையில் கலவை காயாதவர்கள். சுபல் மணல் பக்கமிருந்து ஓடி வந்தவன் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. அவளைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

சந்திரா வாக்கரைப் பிடித்தபடி கட்டடத்தை மேலே கடைசி மாடிவரை பார்த்தாள்.

"இது புரிஞ்சிருக்கும்" என்றாள். "எங்களுக்கு இது புரிஞ்சிருக்கும்."

பிறகு கேட்டாள்.

"மேல இன்னும் யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

"இல்ல சந்திரா. எல்லாரும் இறங்கிட்டாங்க."